நீலச் சட்டை விண்வெளி வீரர்

சென்ற இதழில் பழைய பட்டுப்புடவைகளைப் பத்திரப்படுத்துவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் சிநேகிதி ஒருத்தி, "புடவையைப் பத்தி எல்லாருந்தான் எழுதுறாங்க. உங்க வீட்டுக் கண்ணாடி அலமாரியிலே வச்சிருக்கியே, அந்தப் பொம்மைச் சமாசாரத்தை எழுதேன்" என்றாள். எழுதலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பெற்ற நாற்பத்தைந்து வயதுக்காரி, பொம்மை விண்வெளிக் கப்பல்களை வாங்கிச் சேர்க்கிறாள் என்றால் நாலு பேர் சிரிக்கத்தானே செய்வார்கள்? சிரிக்கட்டும். ஆனால் இதில் சிரிப்பு மட்டும் இல்லை, சகோதரிகளே. நான் செய்த இரண்டு தப்பும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது லெகோ கட்டைகளை. உங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் ஒரு பெட்டியாவது இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளுமே, அதேதான். டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் 1932-ல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிஷ் வார்த்தைகளைச் சுருக்கி 'லெகோ' என்று பெயர் வைத்தார். இன்று நாம் பார்க்கிற பிளாஸ்டிக் கட்டை, மேலே குமிழும் உள்ளே குழாயுமாக 1958-ல் வந்தது. அன்று செய்த கட்டை இன்று செய்கிற கட்டையோடு அப்படியே பொருந்தும். நம் வீட்டு மிக்ஸி ஜாருக்கு ஐந்து வருஷம் கழித்து மூடி தேடினால் கிடைக்கிறதா, சொல்லுங்கள்!

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால், அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணித நிபுணர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆறு காய்கறியை வைத்துக்கொண்டு தினம் என்ன குழம்பு வைப்பது என்று முழிக்கிற நமக்கு இது பெரிய ஆறுதல்!

இந்தக் கட்டைகளில் விஞ்ஞானக் கற்பனைக் கப்பல்கள் 1978-ல் வரத் தொடங்கின. சாம்பலும் நீலமும் கலந்த கப்பல், மஞ்சள் கண்ணாடி ஜன்னல், அதற்குள் நாலு கட்டை உயரத்தில் குட்டி விண்வெளி வீரர்கள். மஞ்சள் முகத்தில் இரண்டு புள்ளிக் கண், ஒரு புன்சிரிப்பு. அவ்வளவுதான். நெஞ்சில் ஒரு கோளும், அதைச் சுற்றிப் பறக்கும் சிவப்பு விமானமும் வரைந்திருக்கும். இந்த மனிதப் பொம்மையையும் அந்தக் கப்பல்களையும் உருவாக்கியவர் யென்ஸ் நைகார்ட் குனுட்சன் என்பவர். 2020-ல் காலமானார். முதல் வீரர்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் உடுப்பு. அப்புறம் மஞ்சள் வந்தது. 1984-ல் நீலமும் கறுப்பும் வந்தன. அந்த நீலந்தான் என் கதை.

1988-ல் எனக்கு எட்டு வயது. குவைத்தில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா லீவில் வந்தபோது எனக்கு ஒரு கவுனும் அண்ணனுக்கு ஒரு குட்டி லெகோ கப்பலும் கொண்டுவந்தார். நீலச் சட்டை வீரர் ஒருவர் அதை ஓட்டுவார். அவருடைய தலைக்கவசத்தைக் கழற்றலாம், மாட்டலாம். முதுகிலே காற்றுக் குப்பி. எனக்குக் கவுன் மேல் கண்ணே போகவில்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு ராக்கெட் எதுக்கு?" என்று அண்ணன் தொடவிட மாட்டான். அவன் விளையாடி முடித்ததும் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போடுவது மட்டும் என் வேலை.

ஒரு நாள் பொறுக்கும்போது அந்த நீல வீரரை என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். எடுத்ததென்னவோ ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கலாம் என்றுதான். அதற்குள் அண்ணன் காணோம் என்று அழுதான். வீடே தேடியது. நானும் கூடவே குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடினேன்! அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடல் தாண்டி வந்த சாமானைப் பத்திரமா வச்சுக்கத் தெரியலை. உனக்கு சைக்கிள் ஒரு கேடா?" என்றார். அந்த வருஷம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த சைக்கிள் அதோடு நின்றது. அண்ணன் இன்னும் ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனான். பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வீரர் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து என் கல்யாணப் பெட்டிக்கு வந்தார். வளையல் பெட்டிக்கு அடியில் ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். காம்பஸும் பென்சிலும் உராய்ந்து நெஞ்சுப் படம் பாதி அழிந்திருந்தது. எப்போதாவது தனியாக இருக்கும்போது எடுத்துப் பார்ப்பேன். பார்த்ததும் சந்தோஷம் வரும், கூடவே அண்ணன் நடந்து போனதும் ஞாபகம் வரும். மறைத்து வைத்த பொருளில் முழுச் சந்தோஷம் கிடைக்காது என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

2014-ல் லெகோ கட்டைகளை வைத்தே ஒரு சினிமா வந்தது. என் பையனோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். நடுவிலே வந்தார் பாருங்கள், ஒரு நீலச் சட்டை விண்வெளி வீரர்! பென்னி என்று பெயர். எதற்கெடுத்தாலும் 'விண்வெளிக் கப்பல் கட்டுகிறேன்' என்று துடிப்பார். பழைய பொம்மை என்று காட்டுவதற்காக அவருடைய தலைக்கவசம் தாடைப் பக்கம் உடைந்தும், நெஞ்சுப் படம் தேய்ந்தும் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கைக்குட்டைக்குள் இருக்கிறவர் திரையிலே வந்து நின்றால் எப்படி இருக்கும்?

அன்று ராத்திரியே அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்பா இருக்கிறப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. கடைசி வரைக்கும் என்னைப் பொறுப்பில்லாதவன்னுதானே நினைச்சிட்டுப் போனார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அப்பா போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருபத்தாறு வருஷம் கழித்துச் சொல்லும் உண்மையால் யாருக்கு என்ன லாபம்?

இத்தனை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். அடுத்த தப்பையும் கேளுங்கள்.

1979-ல் வந்த பெரிய விண்கப்பலுக்கு 'கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்' என்று பெயர். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் பெருங்கனவு அது. 338 துண்டுகள். லெகோ ஆரம்பித்துத் தொண்ணூறு வருஷம் ஆனதையொட்டி 2022-ல் அதையே 1,254 துண்டுகளில், ஒன்றரை மடங்கு பெரிதாகப் புதுப்பித்து வெளியிட்டார்கள். ஏன் ஒன்றரை மடங்கு? சின்ன வயதில் பழைய கப்பலைக் கையில் பிடித்தபோது எத்தனை பெரிதாகத் தெரிந்ததோ, வளர்ந்தவர் கைக்கும் அப்படியே தெரிய வேண்டும் என்றுதான். அதே துண்டுகளை வைத்துப் பழைய காலத்து வேறு இரண்டு கப்பல்களையும் கட்டலாம். படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

அமெரிக்காவில் அப்போது அதற்கு 100 டாலர் விலை இருந்தது. நம் நாட்டில் வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 சதவிகிதமாக உயர்த்தியிருந்தார்கள். ஆகவே என் கைக்கு வந்து சேர்ந்தபோது பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. பணம் என்னுடைய சிறுவாடுதான். மூன்று வருஷமாகத் தையல் கூலியில் மிச்சம் பிடித்தது. ஆனாலும் என் கணவர் "எவ்வளவு?" என்று கேட்டபோது வாய் குழறி, "இரண்டாயிரத்து ஐந்நூறு" என்று சொல்லிவிட்டேன். அவரும், "பரவாயில்லையே" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

என் மாமியாருக்கோ வேறு கவலை. பெட்டியின் மேல் 18+ என்று போட்டிருந்தது. பெரியவர்களுக்கான லெகோ பெட்டிகளில் அப்படித்தான் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, வயசு வந்தவங்க மட்டும் பாக்குற படம் மாதிரி நம்பர் போட்டிருக்கு? பிள்ளை கண்ணிலே படாம வை" என்றார். பிரித்துக் காட்டியதும், "ப்பூ, இவ்வளவுதானா!" என்று போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து இவர் ஆபீசிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "உன் ராக்கெட்டைப் பத்தி ஆபீசிலே சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரர், தன் பையனுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்னு பணத்தைக் கையிலேயே கொடுத்துட்டார். இந்தா" என்று ஐந்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை நீட்டினார். சகோதரிகளே, அந்த நிமிஷம் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! மீதியை நானே போட்டு வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒரு பொய்யைக் காப்பாற்ற எட்டாயிரம் ரூபாய்! அப்போதுதான் அண்ணன் போனில் சொன்னது காதில் கேட்டது. உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "உன் பணம், உன் ஆசை. வாங்கினது தப்பே இல்லை. நாளைக்கு அவர் முன்னாடி நான் எந்த முகத்தோட நிப்பேன்?" என்றார். மறுநாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "விலையைத் தப்பாச் சொல்லிட்டேன்" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அண்ணன் மாதிரியே இவரும் எனக்காக ஒரு பழியைச் சுமந்தார். அன்று வாங்கினேன் ஒரு கோடு போட்ட நோட்டு. எந்தக் கப்பல், எந்தத் தேதி, என்ன விலை என்று அதில் எழுதி, அலமாரியிலே கப்பலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

இனி இந்தப் பொழுதுபோக்கில் நான் கற்றதைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் செலவு. வருஷத்துக்கு ஒரு பெட்டிதான் என்று எல்லை வைத்திருக்கிறேன். லெகோவில் எந்தக் கப்பலும் நிரந்தரமாக வராது. சில வருஷத்தில் செய்வதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் வெளியில் விலை ஏறலாம். 'இப்போ விட்டா கிடைக்காது' என்ற பதைப்புதான் சேகரிப்பவர்களுக்குப் பெரிய வியாதி. 1999-லிருந்து ஸ்டார் வார்ஸ் சினிமாக் கப்பல்களும் வருகின்றன. அதில் 2017-ல் வந்த ஒன்றில் 7,541 துண்டுகள்! படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாவற்றையும் வாங்கி மாளாது.

அடுத்தது தரம் பிரிப்பது. நிறத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். சாம்பல் நிறக் குவியலில் ஒரு சின்ன சாம்பல் துண்டைத் தேடுவது, உளுந்தில் விழுந்த உளுந்தைத் தேடுவது போல. வடிவத்தை வைத்துப் பிரித்தால் நிறம் தானாகக் கண்ணில் படும். தட்டையானவை ஒரு தாம்பாளத்தில், நீளமானவை முறத்தில், கண்ணுக்குத் தெரியாத பொடிசுகள் பழைய அஞ்சறைப் பெட்டியில். கடுகு இருந்த கிண்ணத்தில் இப்போது கப்பலின் விளக்குகள் இருக்கின்றன.

ஒட்டிக்கொண்ட துண்டைப் பல்லால் கடித்துப் பிரிக்காதீர்கள். துண்டும் வடுப்படும், பல்லும் சில்லு தெறிக்கும். பிரிப்பதற்கென்றே நெம்புகோல் மாதிரி ஒரு சின்னக் கருவி இருக்கிறது. தூசி படிந்தால் வெதுவெதுப்பான நீரில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், கொஞ்சம் சோப்பு விட்டுக் கையால் கழுவி நிழலில் காயவையுங்கள். வாஷிங் மெஷினில் போடக்கூடாது. வெயில் நேரே விழும் ஜன்னலோரம் வைத்தால் வெள்ளைக் கட்டைகள் நாளாவட்டத்தில் மஞ்சள் பூத்துவிடும்.

இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இந்தப் பொடித் துண்டுகள் தரையில் இருக்கவே கூடாது. ஒரு நாள் எதிர்வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்து ஒரு துண்டை வாயில் போடப்போக, கடைசி நிமிஷத்தில் பிடுங்கினேன். அன்றிலிருந்து மேஜை மேல் விளிம்புள்ள தட்டில் வைத்துத்தான் வேலை. எழுந்து போகும்போது மூடிவிட்டுத்தான் போவேன். ஒருவேளை ஏதாவது தொண்டையில் சிக்கி, குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமவோ அழவோ முடியாமல் திணறினால், தலை தாழ்ந்திருக்கும்படி முன்புறம் சாய்த்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு அழுத்தமாகத் தட்ட வேண்டும். அதே சமயம் இன்னொருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும்.

நமக்கும் ஒரு வார்த்தை. குனிந்தே உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். அடுப்பில் பால் இருந்தால் துண்டைக் கையிலேயே எடுக்காதீர்கள். இது அனுபவம்!

ஒரு நாள் மாமியார் அலமாரி முன் நின்று, "இத்தனை பேரு ஆகாசத்துக்குப் போறாங்களே, இதிலே பொம்பளை ஒருத்திகூட இல்லையா?" என்று கேட்டார். "அத்தை, அந்தக் காலத்து முகத்துக்கு ஆண் பெண் கிடையாது. இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு. சின்ன வயசிலே இதை நான்தான்னு நினைச்சுக்குவேன்" என்றேன். அத்தையின் கேள்விக்கு நிஜமான பதிலும் 2017-லேயே வந்திருக்கிறது. அமெரிக்காவின் நாசாவில் பேர் பெற்ற நான்கு பெண்களைப் பொம்மைகளாக்கி 231 துண்டுகளில் ஒரு பெட்டி வெளியிட்டார்கள். நிலவுப் பயணத்துக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதிய குழுவை நடத்திய மார்கரெட் ஹாமில்டன், விண்வெளித் தொலைநோக்கிக்கு வழிசெய்த நான்சி ரோமன், விண்வெளி சென்ற சாலி ரைடு, மே ஜெமிசன் ஆகியோர். அதைச் செய்வதை இப்போது நிறுத்திவிட்டார்கள். ஒருவர் வைத்திருந்த பழைய பெட்டியை வாங்கி, அந்த வருஷக் கணக்கை அதிலேயே முடித்துக்கொண்டேன். அது கற்பனை இல்லை, நடந்த கதை. ஆனாலும் என் கற்பனைக் கப்பல்களுக்குப் பக்கத்தில் அவர்கள் நிற்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பேரையும் பார்த்துவிட்டு, "ம், இது சரி" என்றார்.

போன தீபாவளிக்கு அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். கைக்குட்டையைப் பிரித்து அந்த நீல வீரரை அவன் கையில் வைத்தேன். அவரைப் புதுக் கப்பலின் ஆசனத்தில் உட்காரவைத்துப் பார்த்தான். 'டிக்' என்று பொருந்தினார். "இவர் இங்கேயே இருக்கட்டுமே" என்று சொல்வான் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. சொல்லவில்லை. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இப்போது அவனுடைய மேஜை மேல் இருக்கிறாராம்.

எனக்கு வருத்தமில்லை. வளையல் பெட்டிக்கு அடியில் இப்போது ஒன்றும் இல்லை. கோலமோ, தையலோ, தபால்தலையோ, விண்கப்பலோ, உங்களுக்கும் ஒரு ஆசை இருந்தால் அதை அலமாரியில் எல்லோரும் பார்க்க வையுங்கள் சகோதரிகளே, விலைச்சீட்டோடு.

அடுத்த இதழில் மழைக்காலத்துக்கு ஏற்ற கஷாயப் பொடிகளோடு சந்திக்கிறேன்.